குளியலறையில் ஏற்ற எந்த வாசனை மெழுகுவர்த்தி?

எங்கள் வீட்டில் ஏழு பேர், அறைகள் மூன்று. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் தனியாக இருக்கக்கூடிய இடம் என்றால் அது குளியலறை மட்டும்தான். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா தாமான் (குடியிருப்பு) வீடுகளில் இது புதிதல்ல. (பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் இன்னும் பல பெரியவர்களுக்கு ஊர் பிடிபடும்.) அம்மா ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த காலத்தில் அந்தத் தாழ்ப்பாளும் கிடையாது. வீடுகளுக்குப் பின்னால் பொதுக்குழாய், இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு. பால் வெட்டிவிட்டு வந்தவர்கள் வரிசையாக நிற்க, உள்ளே இருப்பவர் அவசர அவசரமாக நான்கு வாளி ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அதனால் குளியலறையில் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றுவதை யாராவது ஆடம்பரம் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்த உடம்புக்கு நல்ல வாசமும் மெல்லிய வெளிச்சமும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும்.

போன மாதம் சின்னம்மா மகள் கடையில் நின்றபடி போன் செய்தாள். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். "அக்கா, ஒன்னு ஆறு வெள்ளி, ஒன்னு நாப்பத்தஞ்சு வெள்ளி. ரெண்டுலயும் லாவெண்டர்னுதான் போட்டிருக்கு. எதை எடுக்கறது?" (வெள்ளி என்று பேச்சில் சொல்வது ரிங்கிட்டைத்தான்.) அடுத்த வாரமே வேறு இரண்டு பேர் இதையே கேட்டார்கள். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, இன்னொருவர் வயதான மாமியாரோடு இருப்பவர். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் வாசனையை முகர்ந்து பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது குறுக்களவை.

காரணம் இதுதான். மெழுகுவர்த்தியை ஏற்றினால் திரியைச் சுற்றியுள்ள மெழுகு முதலில் உருகும். அந்த உருகல் மெதுவாக விரிந்து கண்ணாடியின் ஓரம்வரை போக வேண்டும். அதற்குமுன் அணைத்துவிட்டால், அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகி, நடுவில் கிணறு வெட்டியதுபோல் குழி விழுந்துவிடும். ஓரத்து மெழுகு எரியாமலேயே நிற்கும், திரி குழிக்குள் மூழ்கித் திணறும். ஓரம்வரை உருகுவதற்கு, குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. கடைகளில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடிக் குவளைகள் மூன்று அங்குலம். அப்படியென்றால் மூன்று மணி நேரம். யார் மூன்று மணி நேரம் குளிக்கிறார்கள்?

எனது முதல் மெழுகுவர்த்தி அப்படித்தான் வீணானது. தினமும் இருபது நிமிடம் ஏற்றினேன். இரண்டு வாரத்தில் நடுவில் ஒரு விரல் நுழையும் ஓட்டை, சுற்றிலும் முக்கால் பாகம் மெழுகு அப்படியே இருந்தது. ஆகவே குளியலுக்கு வாங்குவது ஒன்றரை அங்குலமோ அதற்கும் குறைவோ இருக்கட்டும். டீலைட் எனப்படும் அலுமினியக் கிண்ணத்துக் குட்டி மெழுகுவர்த்திகள் இந்த அளவில்தான் வருகின்றன. இவ்வளவு சின்னக் கிண்ணத்துக்கு மணிக்கணக்கு பொருந்தாது; உலோகம் சீக்கிரம் சூடேறுவதால் குளித்து முடிப்பதற்குள் மேல்பரப்பு ஏறக்குறைய முழுதும் உருகிவிடும்.

அடுத்தது வெப்பம். நம் ஊரில் மதியம் 33 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம். மேற்குப் பார்த்த குளியலறை, மேலே தகரமோ அஸ்பெஸ்டாஸோ என்றால் இன்னும் கூடும். குளிர்நாட்டு வீட்டை நினைத்துச் செய்த மென்மையான மெழுகு இங்கே வியர்க்கும், சாயும், ஈரத்தில் பிசுபிசுக்கும்.

மூன்றாவது, அறையின் அளவு. எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. வரவேற்பறைக்கென்று செய்த மெழுகுவர்த்தியை அதற்குள் ஏற்றினால் சுடுநீர் ஆவியோடு வாசம் சேர்ந்து மூச்சை அடைக்கும். சிறிய அறைக்குக் கொஞ்சம் வாசம் போதும்.

நான்காவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம். பூனை இருந்தால் தேயிலை மர எண்ணெய் கலந்தவை அதற்கு ஆகாது. வெளிச்சத்தைக் குறைத்தால் வயதானவர் ஈரத்தரையில் வழுக்கி விழக்கூடும். இடுப்பெலும்பு முறிவைவிட எந்த வாசமும் பெரிதில்லை.

இந்த இடத்தில் மெழுகுவர்த்தியைவிட்டுக் கொஞ்சம் விலகிப் பேச வேண்டியிருக்கிறது. குளியலறை வாசமாக இருக்கட்டும் என்று பல வீடுகளில் பாச்சை உருண்டையைத் தரைத்துளையிலோ ஜன்னல் ஓரத்திலோ போட்டு வைக்கிறார்கள். அதில் நாஃப்தலீன் இருந்தால், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அது உண்மையான ஆபத்து. அந்த வாசத்தாலேயே சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் ரத்தச்சோகையும் வரலாம். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். குழந்தையின் மருத்துவப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருப்பதாக எழுதியிருந்தால், எந்த மெழுகுவர்த்தி என்று யோசிக்குமுன் அந்த உருண்டைகளை வீட்டைவிட்டே அகற்றுங்கள்.

கடைசியாகக் காசு. அட்டையில் உள்ள விலையைவிட ஒரு மணி நேரத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்து டீலைட் ஆறு ரிங்கிட் என்றால் ஒன்று அறுபது சென். அது ஏறக்குறைய நான்கு மணி நேரம் எரியும், மணிக்குப் பதினைந்து சென். நாற்பத்தைந்து ரிங்கிட் குவளையில் நாற்பது மணி நேரம் என்று போட்டிருந்தால் மணிக்கு ஒரு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். குழி விழுந்து பாதி மெழுகு வீணானால் அதுவே இரண்டு ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

பாரஃபின்

பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் மெழுகு. பட்டணத்துக் கடைகளில் ஐந்திலிருந்து பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் வாசனை மெழுகுவர்த்திகள் பெரும்பாலும் இதுதான். ஏற்றினால் வாசம் நன்றாகப் பரவும். எளிதாகக் கிடைக்கும். வெயிலையும் ஓரளவு தாங்கும், ஏனென்றால் மெழுகுவர்த்திக்குப் பயன்படும் பாரஃபின் வகைகள் பெரும்பாலும் 50 பாகைக்கு மேல்தான் உருகும்.

பாரஃபின் என்றாலே விஷம் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கரும்புகை பெரும்பாலும் நீளமான திரியாலும் காற்றடிப்பதாலும் வருவது. சோயாவும் திரியை வெட்டாமல் ஏற்றினால் கரி கக்கும். ஆனால் மலிவான சரக்கில் திரி தடியாக இருக்கும், சாயமும் வாசனையும் அதிகமாகப் போட்டிருப்பார்கள். அதன் மறைமுகச் செலவு கூரையில் தெரியும். எங்கள் வெள்ளைக் கூரையில் ஓர் ஆண்டில் தட்டளவுக்குச் சாம்பல் நிற வட்டம் விழுந்தது. துடைத்தால் தீட்டியதுபோல் பரவியதே தவிர போகவில்லை. சாயம் அடித்த கூலி, மெழுகுவர்த்தியில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

வாரத்தில் இரண்டு நாள் ஏற்றிப் பார்க்கலாம், பிடித்தால் தொடரலாம் என்று நினைப்பவர்களுக்கு பாரஃபின் டீலைட் சரியான தொடக்கம். தினமும் ஏற்றுகிறவர்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வேறு பாருங்கள்.

சோயா

சோயா எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கிய மெழுகு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. அங்கே சோயா ஏராளமாக விளைவதால் அவர்களுக்கு அது உள்ளூர்ச் சரக்கு. நமக்கு இறக்குமதி.

குறைந்த வெப்பத்தில் உருகி மெதுவாக எரிவது இதன் நல்ல குணம். வாசம் மென்மையாக வரும். கண்ணாடியில் ஒட்டியதைச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுக் கழுவலாம். மழைநாள் இரவில், ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துக் குளிக்கும்போது சோயாவின் வாசம் உண்மையிலேயே இதமாக இருக்கும்.

ஆனால் குறைந்த வெப்பத்தில் உருகுவதுதான் இங்கே குறையாகவும் ஆகிறது. குவளைக்கான சோயா மெழுகு 50 பாகையை ஒட்டியே உருகிவிடும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அந்தச் சூடு வராதா? எனக்கு அஞ்சலில் வந்த ஒன்றைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் முழுக்க மெழுகு, திரி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரி கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை ஏற்றவே கூடாது, கண்ணாடி வெடிக்கலாம். நாற்பத்திரண்டு ரிங்கிட் போனது. உருகாமல் வந்து சேர்ந்தாலும், மேலே துளித்துளியாக எண்ணெய் வியர்ப்பதும் வெள்ளைப்பூ பூத்ததுபோல் திட்டுத்திட்டாக ஆவதும் சோயாவின் இயல்பு. அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

இன்னொன்று, "சோயா" என்று பெரிதாக எழுதியிருப்பதில் பாதி வேறு மெழுகாக இருக்கலாம். நூறு சதவீதம் சோயா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

படுக்கையறையிலோ வரவேற்பறையிலோ மாலை முழுக்க ஏற்றி வைப்பவர்களுக்குச் சோயாக் குவளை நல்லது. இருபது நிமிடக் குளியலுக்கு அந்தப் பெரிய குவளை காசுக்குப் பிடித்த கேடு. சோயாதான் வேண்டும் என்றால் சின்னத் தகர டப்பாவில் வருவதைத் தேடுங்கள்.

செம்பனை மெழுகு

எங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனைதான், பாமாயில் எடுக்கும் மரம். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், இங்கேயே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ்ப்பெயர். குலை வெட்டிச் சுமந்த கைகளில் எத்தனையோ நம்முடையவை. அந்த எண்ணெயிலிருந்து மெழுகும் வருகிறது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியும்.

செம்பனை எண்ணெயின் கெட்டியான பகுதியிலிருந்து இதைச் செய்கிறார்கள். மெதுவாக ஆறவிட்டால் மேல்பரப்பில் இறகு விரித்ததுபோலப் படிகக் கோலம் விழும். விளக்கை அணைத்துவிட்டு ஏற்றினால் அந்தக் கோலத்துக்குள் வெளிச்சம் ஊடுருவி, மெழுகே உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். முதன்முதலில் பார்த்தபோது குளிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழகு ஒருபக்கம் இருக்கட்டும். இது கடினமான மெழுகு. 55 பாகைக்கு மேல் போனால்தான் உருகும் வகைகள் கிடைக்கின்றன. குளியலறை ஜன்னல் திட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்தும் எங்கள் வீட்டில் அது சாயவில்லை, வியர்க்கவில்லை. கையில் பிசுபிசுக்கவும் இல்லை.

குறைகளும் உண்டு. கெட்டி மெழுகு என்பதால் வாசம் எழ நேரம் எடுக்கும். குளிக்கப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏற்றிவிட்டு, நீங்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே காற்றுக்குழி விழுந்திருந்தால் திடீரென்று உருகல் உள்வாங்கித் திரி நின்றுவிடும். சரியாக ஊற்றத் தெரிந்தவரிடம் வாங்குவது முக்கியம். அப்புறம், கடைத்தெருவில் கிடைப்பதில்லை. வீட்டில் செய்து விற்பவர்களைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சிறிய டப்பாவுக்கு நான் கொடுப்பது பன்னிரண்டு ரிங்கிட்.

காடழிப்பு பற்றிய கேள்வியையும் ஒதுக்க முடியாது. செம்பனைக்காகக் காடுகள் அழிந்தது உண்மை. நிலையான சாகுபடிக்கான ஆர்எஸ்பிஓ சான்றிதழ் இருக்கிறது, நம் நாட்டுக்கென்றே எம்எஸ்பிஓ சான்றிதழும் இருக்கிறது. மெழுகு எங்கே வாங்கினீர்கள், சான்றிதழ் உள்ளதா என்று செய்பவரிடம் கேளுங்கள். எனக்குச் செய்து விற்கும் பெண்மணி, மெழுகுப் பையில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்தே அனுப்பினார்.

தினமும் ஏற்றுகிறவர்களுக்கும், சூடான குளியலறை உள்ளவர்களுக்கும் என் தேர்வு இதுதான்.

தேன்மெழுகு

62 பாகைக்கு மேல்தான் உருகும், நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. மெல்லிய தேன் வாசம் அதற்கே உண்டு. மற்ற வாசனை சேர்த்தால் அதோடு மோதும். சுத்தமான தேன்மெழுகு விலை அதிகம், கலப்படமும் உண்டு. வாசனைத் திரவம் எதுவும் ஒத்துக்கொள்ளாதவர், வெளிச்சம் மட்டும் போதும் என்பவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

தீ இல்லாமல்: வாசனைக் குச்சி

சின்னக் குப்பியில் வாசனை எண்ணெய், அதில் நான்கைந்து குச்சிகள். திரவம் குச்சி வழியே ஏறி ஆவியாகும். தீ இல்லை, கரி இல்லை. கைலியும் துண்டும் தொங்கும் பிளாஸ்டிக் கதவுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் வைக்கலாம். குளியலறை விளக்கை அணைக்கவே முடியாத வீட்டுக்கு இதுதான் சரி, ஏனென்றால் சுடரின் வெளிச்சம் இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி வாங்கியதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

இதன் மறைமுகச் செலவு, நாள் முழுக்க ஆவியாவது. நீங்கள் குளிப்பது இருபது நிமிடம், அது வேலை செய்வது இருபத்து நான்கு மணி நேரம். நம் சூட்டில் குப்பி சீக்கிரம் காலியாகும். ஒரு வாரத்தில் மூக்கும் பழகிவிடும், வீட்டுக்காரருக்கே வாசம் தெரியாது. குச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, குளிக்கும் நேரம் போக மூடி வைத்தால் நீண்ட நாள் வரும். குப்பி கவிழ்ந்தால் சாயம் உரியும், குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாம்பிராணி போடலாமே என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டியதை நினைத்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடுவாசலில், காற்றோட்டத்தில் காட்டியது. மூடிய ஐந்தடி அறைக்குள் வேண்டாம்.

எந்த வாசனை?

வெனிலா, சாக்லேட் போன்ற இனிப்பு வாசனைகள் நம் புழுக்கத்தில் திகட்டிவிடும். லாவெண்டர் மனதை அமைதிப்படுத்தும் என்பது பலரின் அனுபவம், எனக்கு அது மருந்துக்கடையை நினைவூட்டுகிறது. மல்லிகை என்று எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் செயற்கை வாசனைதான். மல்லிகையை நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்க முடியாது, வேறு முறையில் எடுப்பது தங்க விலை. செயற்கை என்பதற்காகவே அதை ஒதுக்க வேண்டியதில்லை. இயற்கை எண்ணெய் என்பதற்காகவே எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை.

நான் அதிகம் வாங்குவது செராய் (எலுமிச்சைப்புல்) வாசம். ஒரு நாள் அதை ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து எழுந்து வந்து குளியலறை வாசலில் நின்றார். லயத்துப் பின்கட்டில், குளிக்கும் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரமாகச் செராய் நட்டிருப்பார்களாம். குளிக்க நிற்கிறவர்கள் சும்மா ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துகொண்டே நிற்பார்களாம். அதுவரை "தீயை எதுக்குக் குளிக்கிற எடத்துல வெக்கிற" என்று திட்டியவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

செராயின் இனமான சிட்ரொனெல்லா என்ற வாசனைப்புல் கலந்த மெழுகுவர்த்தியை ஏற்றினால் கொசு வராது என்று நம்பி வாங்காதீர்கள். கொசுவிடமிருந்து அது தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. தண்ணீர்த் தடைக்குப் பயந்து குளியலறையில் பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்து வைப்பது நம் பழக்கம். அதை மூடி வைப்பதும், வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுவதும்தான் ஏடிஸ் கொசுவைத் தடுக்கும்.

ஏற்றும் இடம், அணைக்கும் விதம்

எந்த மெழுகை எடுத்தாலும் திரியை ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். தண்ணீர் தெறிக்காத, துணி தொங்காத திட்டில் பீங்கான் தட்டின்மேல் வையுங்கள். தகர டப்பாவும் அலுமினியக் கிண்ணமும் அடியில் நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் அலமாரியில் நேராக வைத்தால் உருக்கிவிடும். ஸ்ப்ரே எதையும் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

கையில் தண்ணீர் மொள்ளும் குவளை, பக்கத்தில் வாளித் தண்ணீர். அணைக்க வேண்டும் என்றால் கை தானாகத் தண்ணீரைத்தான் அள்ளும். கொதிக்கும் மெழுகில் தண்ணீர் பட்டால் எண்ணெய்ச் சட்டியில் பட்டதுபோல் வெடித்துத் தெறிக்கும், வெற்றுடம்பில் படும். மூடியால் மூடி அணையுங்கள். மிச்ச மெழுகைத் தரைத்துளையில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கேட்ட மூவருக்கும்

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். சுத்தமான தரையும் திறந்த ஜன்னலும் போதும். மாமியாரோடு இருப்பவருக்கு வாசனைக் குச்சி, மூன்றே குச்சி, விளக்கு எரியட்டும்.

சின்னம்மா மகளிடம் இரண்டையும் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் இருந்த செம்பனை மெழுகு டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். காலை ஏழரைக்கு ஷிப்ட் முடிந்து வந்து, குளியலறை ஜன்னலில் ஒரு கைலியைக் கட்டி வெயிலை மறைத்துவிட்டு ஏற்றுகிறாளாம். அந்தக் கைலியை மெழுகுவர்த்தியிலிருந்து எட்டக் கட்டு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.